இன்டர்வியூ பயமா? உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒத்திகை பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகள் பலவற்றில், படித்து முடித்து வேலை தேடும் மகனோ மகளோ இருப்பார்கள். ரெஸ்யூமே டைப் செய்ய, ஆன்லைனில் விண்ணப்பிக்க, மாதிரித் தேர்வுகள் எழுதிப் பார்க்க என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் இன்டர்வியூவிற்கு முதல் நாள் இரவு வயிற்றைக் கலக்குமே, அதற்குக் கம்ப்யூட்டர் ஏதாவது உதவி செய்யுமா? தாராளமாகச் செய்யும். அதற்கெனத் தனியாக எந்த சாப்ட்வேரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். விண்டோஸுடன் வரும் இரண்டு, மூன்று சிறிய புரோகிராம்களே போதும்.

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் என்னை உட்கார வைக்கின்றனர். புரோகிராம் எழுதத் தெரியாதவர் தேர்வாகாமல் போனால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருவர், "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்ற முதல் கேள்வியிலேயே திணறிப்போய், அடுத்த இருபது நிமிடமும் மீள முடியாமல் தவிப்பதைப் பார்ப்பது சங்கடமான விஷயம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். விஷயம் தெரியாமல் அவர்கள் திணறுவதில்லை. அந்தப் பதிலை அதற்கு முன் ஒருமுறை கூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணால் படித்ததும் மனதிற்குள் சொல்லிப் பார்த்ததும்தான்.

பயத்தை அளந்தவர்கள்

மனிதருக்குப் பதற்றத்தை வரவழைத்து அதை அளக்க வேண்டும் என்றால் ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒரு போலி இன்டர்வியூ நடத்துவார்கள்! ஜெர்மனியில் உள்ள ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு, 1993ல் வெளியிடப்பட்ட சோதனை இது. வந்தவரை ஒரு வேலைக்கு விண்ணப்பித்தவராக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். தயாரிப்புக்குப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். பிறகு ஒரு குழுவின் முன் நின்று, அந்த வேலைக்குத் தான் ஏன் தகுதியானவர் என்று 5 நிமிடம் பேச வேண்டும். அடுத்த 5 நிமிடம் 1022லிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தவறினால் மறுபடியும் 1022லிருந்து தொடங்க வேண்டும். குழுவில் இருப்பவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், தலையாட்டவும் மாட்டார்கள். பக்கத்தில் கேமரா வேறு இருக்கும். இதில் கலந்துகொண்டவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்ந்தது.

இவர்கள் எல்லாம் நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்கள். அந்த இன்டர்வியூ போலி. அதில் வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அதற்கே இப்படி என்றால், நிஜமான வேலைக்குப் போகும் உங்களுக்குக் கை சில்லென்று ஆவதிலும் நாக்கு வறள்வதிலும் ஆச்சரியம் என்ன? உடல் ரத்தத்தைத் தோலிலிருந்து பெரிய தசைகளுக்குத் திருப்பி விடுகிறது. அதனால்தான் கை குளிர்கிறது. இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

நமக்கு உதவும் செய்தி அடுத்து வந்த ஆய்வில்தான் இருக்கிறது. 1995ல் வெளியான அந்த ஆய்வில், 20 ஆண்களை இதே போன்ற சோதனைக்கு ஐந்து நாட்கள் உட்படுத்தினார்கள். 13 பேருக்கு முதல் நாளில் மட்டுமே கார்டிசால் உயர்ந்தது. அடுத்த நாளிலிருந்து அவர்களின் உடல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீதி 7 பேருக்கோ ஐந்து நாட்களும் உயர்ந்தது. அந்த ஏழு பேரைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம். முதலில் அந்தப் 13 பேருக்கு நடந்ததை நம் வீட்டிலேயே நடத்திப் பார்ப்போம்.

சவுண்ட் ரெகார்டர்

ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து, "சவுண்ட் ரெகார்டர்" என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் "வாய்ஸ் ரெகார்டர்" எனத் தேட வேண்டும். லேப்டாப் என்றால் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் மைக் உள்ள ஹெட்போன் ஒன்றை இணைத்துக்கொள்ளவும். கீழே தெரியும் வட்டமான பட்டனில் கிளிக் செய்தால் பதிவு தொடங்கும். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று நீங்களே கேட்டுக்கொண்டு பதில் சொல்லத் தொடங்குங்கள். பேசி முடித்தவுடன் மீண்டும் கிளிக் செய்தால் பதிவு நின்று, பைல் தானாகவே சேவ் ஆகிவிடும். பைலின் மீது ரைட் கிளிக் செய்து, ரீநேம் கொடுத்து, அன்றைய தேதியைப் பெயராகக் கொடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த பழைய சவுண்ட் ரெகார்டர் 60 விநாடியில் தானாக நின்றுவிடும். சிறு வயதில் அது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், சுய அறிமுகத்திற்கு அதுதான் சரியான அளவு. ஒரு நிமிடம், போனால் போகிறது என்று ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் போனால் கேட்பவரின் கண் உங்கள் ரெஸ்யூமேக்குப் போய்விடும்.

பதிவு செய்ததைக் கேட்கும்போது, "இது என் குரலா?" என்று அதிர்ச்சியாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பின் வழியாகவும் நம் காதுக்கு வருவதால், கொஞ்சம் கனமாகக் கேட்கும். மைக்கிற்குக் காற்று வழி மட்டுமே. அதனால் பதிவில் குரல் மெலிந்து தெரிகிறது. மற்றவர்கள் இத்தனை ஆண்டுகளாக உங்களிடம் கேட்டு வரும் குரல் அதுதான். எனவே முதல் நாளில் குரலைப் பற்றிக் கவலைப்படாமல் விஷயத்தை மட்டும் கவனியுங்கள்.

என் சித்தி மகன் சாத்தூரில் இருக்கிறான். பி.இ. முடித்தவன். இரண்டு இன்டர்வியூக்களில் முதல் கேள்வியிலேயே தடுமாறி வெளியே வந்துவிட்டான். மூன்றாவதற்குப் பத்து நாட்கள் இருந்தபோது, தினமும் ஒரு பதிவு செய்து எனக்கு அனுப்பச் சொன்னேன். முதல் பதிவு 19 விநாடி. பெயர், கல்லூரி, மதிப்பெண் சதவீதம். அதன் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்! மூன்றாம் நாள் 50 விநாடி வந்தது. ஆனால் அதில் பாதி ஏதோ புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்த ஆங்கிலம். நான்காம் நாள் போன் செய்து, "சித்தப்பா கடையில பில் போடற புரோகிராம் யார் எழுதினது?" என்று கேட்டேன். "நான்தான்ணே. பைத்தான்ல எழுதினேன். அதெல்லாம் சின்ன விஷயம்ணே" என்றான். ஹார்ட்வேர் கடை ஒன்று தினமும் பயன்படுத்தும் புரோகிராமை எழுதியவன், அதை ரெஸ்யூமேயில் கூடப் போடவில்லை!

ஐந்தாம் நாளிலிருந்து அந்த பில்லிங் புரோகிராம்தான் அவன் அறிமுகத்தின் மையம். ஆங்கிலம் அப்படியேதான் இருந்தது. ஆனால் தான் செய்த ஒன்றைப் பற்றிப் பேசியதால் குரல் நடுங்கவில்லை. மூன்றாவது இன்டர்வியூவில் பத்து நிமிடம் அந்த புரோகிராமைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். கடைசிச் சுற்று வரை போனான். அந்த வேலை கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான்.

ஆகவே பதிலை வரிக்கு வரி எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். நோட்பேட் திறந்து நான்கு குறிப்புகள் மட்டும் டைப் செய்துகொள்ளுங்கள். மனப்பாடத்தில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் கைவிட்டுப் போகும். பதற்றம் தலைக்கேறுவது அந்த இடத்தில்தான். குறிப்பை வைத்துப் பேசினால் தினமும் சொற்கள் மாறும். மாறட்டும், நல்லதுதான்.

நீங்கள் பேசுவது எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. இணைய இணைப்புடன் நோட்பேடைத் திறந்து, விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு எச் கீயைத் தட்டினால் வாய்ஸ் டைப்பிங் கிடைக்கும். பேசப் பேச ஆங்கிலத்தில் டைப் ஆகும். "பேசிக்கலி", "ஆக்சுவலி" எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சில சொற்களை அது தப்பும் தவறுமாக டைப் செய்யும். அதற்காக உங்கள் உச்சரிப்பே மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேமரா முன்னால்

குரல் பழகிய பிறகு, நான்கைந்து நாட்களில், வீடியோவிற்கு மாறலாம். ஸ்டார்ட் மெனுவில் "கேமரா" எனத் தேடித் திறந்து, வலது பக்கம் உள்ள வீடியோ ஐகானைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யவும். ஓரத்தில் தெரியும் சிறிய படத்தில் கிளிக் செய்தால் பதிவைப் பார்க்கலாம். ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வேன். கை எங்கே போகிறது, கண் எங்கே ஓடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

2020ல் கொரோனா ஊரடங்கு வந்ததிலிருந்து முதல் சுற்று இன்டர்வியூவை ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாப்ட் டீம்ஸ் வழியாக நடத்துவது சாதாரணமாகிவிட்டது. அதற்கும் இதே பயிற்சிதான். லேப்டாப்பின் கீழ் நான்கு தடிமனான புத்தகங்களை வைத்து, கேமராவைக் கண் மட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். ஜன்னல் உங்கள் முகத்திற்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். பேசுபவரின் படம் உள்ள விண்டோவைச் சிறிதாக்கி, கேமராவிற்கு நேர் கீழே இழுத்து வைத்தால், அவரைப் பார்த்துப் பேசுவது போலவே இருக்கும். கண்டிப்பாக ஒரு நண்பரை அழைத்து மீட்டில் ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள். அந்த நண்பரிடம், சிரிக்காமல் தலையாட்டாமல் உம்மென்று இருக்கச் சொல்லுங்கள். ட்ரியர் சோதனையில் செய்தது போலத்தான். நிஜ இன்டர்வியூவிலும் நாங்கள் பாதி நேரம் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டுதான் இருப்போம். பதில் பிடிக்கவில்லை என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைக்கத் தேவையில்லை.

கம்ப்யூட்டர் தரும் பதற்றத்தையும் குறைக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பிரிவிற்குச் சென்று, "பாஸ் அப்டேட்ஸ்" கிளிக் செய்து ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். இன்டர்வியூ முடிந்ததும் மறக்காமல் மீண்டும் இயக்கிவிட வேண்டும். விண்டோஸ் 11ல் விண்டோஸ் கீயுடன் என் கீயைத் தட்டினால் கிடைக்கும் கட்டத்தில் மணி ஐகானைக் கிளிக் செய்தால், நடுவில் வரும் அறிவிப்புகள் தொல்லை தராது. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு அன்றுதானா என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பில் முழு சார்ஜ், மொபைலில் ஹாட்ஸ்பாட் தயார். இவ்வளவுதான்.

அந்த ஏழு பேர்

எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும் சிலருக்கு இதயம் படபடக்கத்தான் செய்யும். "அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது பலருக்கும் உள்ள பழக்கம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறு வழி சொல்கிறது. பலரை அன்னியர் முன் பாடவும் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார். பாட்டிற்கு மதிப்பெண் போட்டது ஒரு வீடியோ கேம்! "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கியவர்கள் பாட்டில் மற்றவர்களை விட நன்றாகச் செய்தார்கள். பேச்சிலும் கணக்கிலும் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களை அவர்கள் முந்தினார்கள். படபடக்கும் இதயத்தைச் சட்டென்று அடக்குவது கடினம். ஆனால் படபடப்பு பயத்திலும் வரும், உற்சாகத்திலும் வரும். பெயரை மாற்றுவது சுலபம். கேட்கும்போது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. ஆனால் செலவில்லாதது, முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

காத்திருக்கும்போது மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். கேள்வி புரியவில்லை என்றால் மறுபடியும் கேட்கலாம். பதில் உடனே வரவில்லை என்றால், "மே ஐ டேக் எ மினிட் டு திங்க்?" என்று கேட்டுவிட்டு யோசிக்கலாம். இதற்காக நாங்கள் மதிப்பெண் குறைப்பதில்லை. இந்த வாக்கியத்தையும் சவுண்ட் ரெகார்டரில் நான்கைந்து முறை சொல்லிப் பழகிவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் தானாக வாயில் வர வேண்டும்.

இன்டர்வியூ முடிந்து வீட்டிற்கு வந்தவுடன், கேட்ட கேள்விகளை எல்லாம் நோட்பேடில் டைப் செய்து, தேதியுடன் சேவ் செய்யவும். மறுநாளைக்குள் பாதி மறந்துவிடும். அடுத்த ஒத்திகைக்கு அதுதான் கேள்வித்தாள்.

வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் ஒரு எச்சரிக்கை. சவுண்ட் ரெகார்டர் பைல்கள் டாக்குமெண்ட்ஸ் போல்டரில் சேரும். அந்த போல்டர் ஒன்டிரைவுடன் இணைக்கப்பட்டிருந்தால், இணையத்திலும் ஒரு நகல் போய்விடும். தம்பி, தங்கை கையில் அந்த முதல் நாள் பதிவு சிக்கினால் ஒரு மாதத்திற்கு விடமாட்டார்கள்! தேவையற்ற பைல்களைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் கீயுடன் டெலீட் கீயை அழுத்தினால் ரீசைக்கிள் பின்னிற்குப் போகாமல் நீங்கிவிடும். ஒன்டிரைவ் தளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னையும் ஒருமுறை காலி செய்துவிடுங்கள்.