காஞ்சி நீங்கிய கதை: சேர்வராயன் மலை வழக்காறு – ஒரு நோக்கு

சமுதாயம் நிலைகுலையும் காலங்களை இலக்கியம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்று ஆராய்வோர் பெரும்பாலும் அச்சேறிய நூல்களையே புரட்டுவர். ஏட்டில் ஏறாத இலக்கியத்திற்கும் அதில் பங்குண்டு. ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலையூர்களில் வாழும் மலையாளி மக்களின் காஞ்சிக் கதை அதற்கு நல்ல சான்றாகும். (மலையாளி என்பது ஈண்டு மலைவாழ்நரைக் குறிக்கும், கேரளத்தாரை அன்று. இவர்தம் தாய்மொழி தமிழே.)

தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தோர் என்பது இம்மக்களின் நம்பிக்கை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என உடன்பிறந்தார் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பர். பெரியண்ணன் வந்தடைந்தது சேர்வராயன் மலை. இஃது ஓர் ஊர் பெயர்ந்த கதை. அதன் பின்னே ஏதோ ஒரு பெருந்துன்பம் இருந்திருத்தல் வேண்டும். அத்துன்பம் யாது? அங்கேதான் கதைகள் வேறுபடுகின்றன.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் இக்கதையின் பல வடிவங்கள் உள்ளன. ஒன்று, முகமதியர் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில் இவர்கள் வெளியேறினர் என்கிறது. மற்றொன்றில் ஆட்சியுமில்லை, படையுமில்லை. கரிராமன் என்னும் தெய்வத்திற்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை, அது புறப்பட்டது, அடியவர் மூவரும் பின்தொடர்ந்தனர், அவ்வளவே. பிறிதொன்றில் மூவரும் வேட்டைக்குச் செல்கின்றனர்; நாய்கள் மட்டும் வீடு திரும்புகின்றன; கணவர் மாண்டனர் என்றே மனைவியர் முடிவு கட்டுகின்றனர்; ஆடவர்க்குப் பழைய குடும்பம் இல்லாமற் போகிறது.

இப்பகுதியை வகுப்பில் நடத்தியபோது மாணவர் ஒருவர், "ஐயா, முதல் வடிவத்தைக் கட்டுரையில் விட்டுவிடலாமா?" என்று வினவினார். அவர் தயக்கம் நமக்கு விளங்காமலில்லை. விடக்கூடாது என்றே விடையிறுத்தோம். நமக்கு உவப்பில்லாததை நாம் மறைத்தால், அதனை மட்டுமே எடுத்து முழங்குவோரை எவ்வாறு குறை கூறுவது? இருவரும் செய்வது ஒன்றே; மூன்று கதைகளை ஒன்றாக்குவது.

மாலிக் காபூரின் படையெடுப்பு 1311இல் நிகழ்ந்தது. 1688இல், ஔரங்கசீப்பின் படை அச்சத்தால், காஞ்சி வரதராசர் கோயில் உற்சவத் திருமேனி உடையார்பாளையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு 1710இல் மீண்டது. தெய்வம் ஊர் நீங்கும் செய்தி அங்கும் இருப்பது நோக்கத்தக்கது. ஆயின் இங்குக் கண்ட மலையாளிகளின் கதை ஆண்டு எதனையும் கூறுவதில்லை. இவற்றுள் ஒன்றோடு அதனைப் பிணைப்பது நம் ஊகமாகவே முடியும்.

கதையைக் கேட்டவர் யார் என்பதையும் மறத்தலாகாது. தம்மை நிலவரித் திட்ட அதிகாரியென இம்மலைமக்கள் ஐயுற்றதாகத் தர்ஸ்டனே எழுதுகிறார். மலையைக் கைப்பற்றித் தம்மை அந்தமானுக்கு அனுப்பிவிடுவர் என அஞ்சினராம். புகைப்படக் கருவியை நிலமளக்கும் கருவி என்றெண்ணித் தடுத்தனராம். அவ்வச்சம் முற்றும் பேதைமையன்று. 1820களில் காக்பர்ன் என்னும் சேலம் ஆட்சியர் ஏற்காட்டிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. கண்முன் நின்ற ஆட்சியைக் கண்டு அஞ்சியவர், மறைந்துபோன ஓர் ஆட்சியைப் பற்றி அதே ஆட்சியின் ஆளிடம் பேசியிருக்கின்றனர். பேசியவற்றை நிறுக்கும்போது இச்சூழலையும் தட்டில் வைத்தல் வேண்டும்.

நம்மை மிகுதியும் ஈர்ப்பது வேறொரு குறிப்பு. பழைய தென்னார்க்காட்டு மலைகளில் வழங்கிய வடிவம், வந்தேறிய மலையாளிகள் அங்கிருந்த வேடரைக் கொன்று அவர்தம் பெண்டிரை மணந்தனர் என்கிறது. திருமணத்தின்போது வானோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கம், வேடக் கணவன் மாண்டதைக் குறிப்பதாம். நாம் வீட்டை இழந்தோம் என்று பாடும் இலக்கியம் உலகெங்கும் உண்டு. பிறர் வீட்டை நாம் பறித்தோம் என்பதை மணப்பந்தலிலேயே நினைவுகூரும் வழக்காறு அரிதினும் அரிது. நம் இசுலாமியத் தமிழ்ப் படைப்போர்களிலும் பகைவர் வீழ்ச்சி விரிவாகப் பாடப்படுகிறது. வீழ்ந்தவர் மனையில் நடந்ததைப் புலவர் அத்துணை விரிக்கவில்லை.

வைகாசித் திங்களில் சேர்வராயன் கோயில் விழாவிற்கு மலையூர்கள் பலவும் திரளும். நாட்டார் வழக்காற்றியல் பயிலும் மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்குச் செல்லட்டும். முதியோர் எத்தனை வடிவம் கூறினும் அத்தனையையும் பதியட்டும். முதியோரான ஆடவரோடு நின்றுவிடாமல் பாட்டிமாரிடமும் அமர்தல் நன்று. அத்தென்னார்க்காட்டு வடிவத்தின்படி, கதை சொல்வோர் காஞ்சியினின்று வந்த ஆடவர்க்கு மட்டுமன்றி, கணவரை இழந்து மணமுடிக்கப்பட்ட அவ்வேடப் பெண்டிர்க்கும் வழித்தோன்றல்களாவர். அப்பெண்டிர் தம் மக்களைத் தூங்கவைக்கையில் எந்தக் கதையைச் சொல்லியிருப்பர்?