தாயம் விழும் வரை

வைகுண்ட ஏகாதசி இரவில் மயிலாப்பூரில் கண்விழித்துப் பரமபதம் ஆடுவதுண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். நான்கு முகமுள்ள இரு கட்டைகள் விழும் 16 வகைகளில் தாயத்துக்கு உரியவை இரண்டே. ஆகவே சராசரியாக 8 முறை உருட்ட வேண்டும்; 8 முறை உருட்டியும் விழாதிருக்க 34 விழுக்காடு வாய்ப்புண்டு.

1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்னும் இணைய விளையாட்டின் தொடக்கநிலையும் பொறுமையைச் சோதிப்பதே. தொடக்க காலத்தில் எலியையும் பாம்பையும் அடித்தே புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. அன்று மாண்டால் உடைமைகள் பிணத்தோடு கிடந்தன. சலிப்புதான், ஆயினும் முதல் வாளின் அருமை அங்கேதான் தெரியும்.

ஒரு வேறுபாடு உண்டு. கட்டைக்கு நினைவில்லை, ஒன்பதாம் முறையும் வாய்ப்பு எட்டில் ஒன்றே. அங்கோ அடித்த ஒவ்வோர் எலியும் கணக்கில் ஏறும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்வி தாயக்கட்டையாக இராமல், உழைப்பைக் கணக்கில் கொள்ளும் ஆட்டமாக இருத்தல் வேண்டும் என்பேன்.