ஜெரேனியம் வளர்ப்பும் வாடல் நோயும்

நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் வீட்டு முற்றங்களை அணிசெய்யும் ஜெரேனியம், தென்னாபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. தாவரவியலார் இதனைப் பெலர்கோனியம் என்பர். இச்செடி சிறிது வறட்சியைத் தாங்கும். வேரடியில் தேங்கும் நீரைத் தாங்காது.

மண்: தோட்டமண், ஆற்றுமணல், உக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சமபங்காகக் கலத்தல் வேண்டும். சாடியின் அடியில் துவாரம் இருத்தல் அவசியம். நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேரம் வெயில் படும் இடமே ஏற்றது.

நடுகை: நோயற்ற தாய்ச்செடியின் தண்டை 4 அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. அடியிலைகளை நீக்கி, சில மணிநேரம் நிழலில் உலரவிட்டு, மணலில் நடுக. 3 அல்லது 4 வாரங்களில் வேர் கொள்ளும்.

நீர்: மேல்மண் உலர்ந்த பின்னரே, இலைகள் நனையாவண்ணம் ஊற்றுக.

வாடல் நோய்: மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கவும். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அது பற்றீரியா வாடலாகும். இதற்கு மருந்தில்லை. இந்நோயை உண்டாக்கும் பற்றீரியாக்களுள் ஒன்று உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய பயிர்களையும் அழிக்க வல்லது. 2020 ஆம் ஆண்டில், குவாத்தமாலாவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற ஜெரேனியங்களில் இது காணப்பட்டது; கிழங்குப் பயிரைக் காக்கும்பொருட்டு அச்செடிகள் அழிக்கப்பட்டன.

ஆகவே, வாடிய செடியை வேருடன் பிடுங்கி எரிக்கவும். அச்சாடி மண்ணைக் கிழங்குப் பாத்தியில் கொட்டலாகாது. வெட்டிய கத்தியைக் கொதிநீரிலிட்டுத் தூய்மையாக்குக. ஒரு சாடிப் பூவுக்காக ஒரு போக விளைச்சலை இழத்தல் தகாது.