சாயமும் நிக்கும், சரக்கும் நிக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

மங்கலத்திலிருந்து தினமும் திருப்பூருக்கு பஸ் ஏறி மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறாயாம். பையருக்கு மெயில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்று உன் அம்மா சொன்னார். இலக்கணப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வை. 'ஹோல்ட் அப்' என்ற ஒரே ஆங்கிலத் தொடரோடு மட்டும் ஒரு வாரம் பழகு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாஷ் டெஸ்ட்டில் துணி எப்படி என்று பையர் கேட்டிருந்தார். ஐந்து முறை துவைத்தும் சாயம் போகவில்லை, சுருங்கவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் 'ஃபேப்ரிக் இஸ் ஹெல்ட் அப் இன் வாஷிங்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை பதில் வந்தது: எத்தனை நாள் தாமதமாகும்? துணி வாஷிங் யூனிட்டில் மாட்டிக்கொண்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த 'இஸ்' இல்லாமல் 'ஃபேப்ரிக் ஹெல்ட் அப் வெல்' என்றிருந்தால் துணி தாங்கியது என்று பொருள். 'ஹெல்ட் அப்'புக்கு முன்னால் 'இஸ்', 'வாஸ்' வந்துவிட்டால், எதுவோ அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

இது நமக்குப் புதிதா, தம்பி? "லாட் டையிங்ல நிக்குது" என்கிறோம். "இந்தக் கலர் நிக்குமா?" என்றும் கேட்கிறோம். யாரும் குழம்புவதில்லை. எடுத்துக்கோ, எடுத்து வை, எடுத்து விடு என்று 'எடு'வுக்குப் பின்னால் வருவது பொருளை மாற்றுவது போலத்தான் ஆங்கிலத்தில் அப், ஆஃப், அவுட். செக்கிங் டேபிளில் அக்கா ஓட்டை பார்க்கத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாரே, அதுவும் 'ஹோல்ட் அப்'தான். அங்கே மட்டும்தான் 'மேலே' என்ற பொருள் கண்ணுக்குத் தெரியும்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காக சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாதங்களில் என் மெயில்களில் எல்லாம் 'ஹெல்ட் அப்'தான். அப்போது கற்றுக்கொண்டேன்: அதை எழுதினால் எங்கே, எதனால், எப்போது நகரும் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். வெறுமனே நின்றது என்றால், நாம் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டதாகவே பையர் நினைப்பார். ஏர் ஃப்ரெய்ட் யார் கட்டுவது என்ற பேச்சு தொடங்கிவிடும்.

அடுத்த மெயிலை அனுப்பும் முன் எனக்குக் காட்டு. ராத்திரி பத்து மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்