கேப் போட்ட பல்லுக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

தங்கச்சி, ரூட் கேனல் முடிஞ்சு வலி போனதும் ‘கேப் அப்புறம் பார்த்துக்கலாம்’னு விட்டுடாதே. சொத்தையைச் சுரண்டி, நரம்பை எடுத்து, நடுவுல துளை போட்ட கடைவாய்ப்பல்லுல மிச்சம் நிக்கிறது சுத்துச்சுவர் மட்டும்தான். நண்டுக்காலைக் கடிச்சு உடைக்கும்போது அது வேர் வரைக்கும் பிளந்துட்டா, பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேணும். அப்படிப் பிளக்காம நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறதுக்குத்தான் கேப். டாக்டருங்க கிரவுன்னு சொல்வாங்க. முன்பல்லுக்கு எல்லா நேரமும் தேவைப்படாது. கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் வேணும்.

அந்தமான்ல, ஜங்லிகாட்டுல இருக்கிற நாம முதல்ல போட வேண்டியது நாள் கணக்கு. பல்லைச் சுத்தி ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர் ராவி, அச்சு எடுத்து, லேபுக்கு அனுப்பி, கேப் வந்ததும் வாயில வெச்சுப் பார்த்து, அப்புறம்தான் ஒட்டுவாங்க. ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதுவரைக்கும் தற்காலிகக் கேப்போட இருக்கணும். ஜி.பி. பந்த் மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கு, முதல்ல அங்கே காட்டி என்ன வேணும்னு கேட்டுக்கோ. சென்னையிலதான் போட்டுக்கப் போறேன்னா, ஊர்ல இறங்கின மறுநாளே டாக்டரைப் பாரு. கல்யாணம், கோயில், துணிக்கடை எல்லாம் முடிச்சுட்டுக் கடைசி வாரத்துல போனா வேலை அரைகுறையா நின்னுடும். செலவு தாங்காதுன்னா சென்னைக் கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, 1953-ல் தொடங்கினது. அங்கே வரிசையில காத்திருக்கணும், பல தடவை வரச் சொல்வாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி லீவு போட்டுக்கோ.

கேப் ஒட்டின அன்னிக்கே டிக்கெட் போடாதே. ஊசி போட்டு வாய் மரத்துக் கிடக்கும்போது ‘கடி சரியா இருக்கா?’ன்னு கேட்டா, நாமளும் தலையாட்டிட்டு வந்துடுவோம். மரப்பு போய்ச் சோறு மெல்லும்போதுதான் அந்தப் பல் மட்டும் முன்னாடியே இடிக்கிறது தெரியும். விட்டா வலி வரும். டாக்டர் லேசா ராவி விட்டா சரியாப் போயிடும், அதுக்காக ரெண்டு மூணு நாள் அங்கேயே இரு. கப்பல்ல ஏறிட்டா நம்ம ஹாடோ துறைமுகம் வந்து சேரவே மூணு நாள் ஆகும், கடலுக்கு நடுவுல யார்கிட்ட காட்டுவே?

எந்தக் கேப்னு கேட்பாங்க. முழு உலோகம் விலை குறைவு, உறுதி. சிரிச்சா வெளியே தெரியாத கடைசிப் பல்லுக்கு அது தாராளமாப் போதும்னு நான் சொல்வேன். உள்ளே உலோகம், மேலே பீங்கான் வெச்சதுல பீங்கான் சில்லு தெறிக்கலாம், ஈறு இறங்கினா ஓரத்துல கறுப்புக் கோடு தெரியும். ஜிர்கோனியா முழுக்க வெள்ளை, வலுவானது, விலையும் கூட. கவரிங் கம்மல் போட்டா காது அரிக்குதுன்னா அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லு. சில உலோகக் கேப்புல நிக்கல் இருக்கும், அது உனக்கு ஆகாம இருக்கலாம்.

இப்ப சொல்றதை மட்டும் மறக்கவே மறக்காதே. கேப் சொத்தையாகாது, ஆனா அதுக்குள்ளே இருக்கிற பல் ஆகும். கேப்பும் பல்லும் சேருற ஓரம் ஈறை ஒட்டி இருக்கு. அழுக்கு தங்குறதும் சொத்தை நுழையிறதும் அந்த ஓரத்துலதான். நரம்பு எடுத்த பல் ஆனதால உள்ளே அரிச்சுக்கிட்டுப் போனாலும் கூச்சம், வலி எதுவும் தெரியாது. வலிக்கலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. மென்மையான பிரஷ்ஷை ஈறைப் பார்த்துச் சாய்ச்சு, ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டு, காலையிலயும் ராத்திரி படுக்கப் போறப்பவும் அந்த ஓரத்தைத் தேய். கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பல்பொடி வேண்டாம். பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் நூல் போடு. தற்காலிகக் கேப் இருக்கும்போது மட்டும் நூலை மேலே சுண்டி இழுக்காம பக்கவாட்டுல உருவி எடு, இல்லேன்னா கேப்பும் கூடவே வந்துடும்.

ஜங்லிகாட்டுல மீனுக்கும் நண்டுக்கும் குறைவில்லை. நண்டு ஓட்டை அம்மிக்குழவியால தட்டி உடை, பல்லால வேண்டாம். நம்ம தீவுல விளையிற கொட்டைப்பாக்கைக் கடிக்கிறதும், ஐஸ் கட்டியை நொறுக்குறதும் அப்படித்தான். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறேன்னு வீட்டுல யாராவது சொன்னா, ராத்திரி மாட்டிக்கிற பல் காப்பு ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு.

கேப் ஆடுறது, அந்தப் பக்கம் வாடை, நூல் போட்டா பிசிறுறது, ஈறுல சின்னக் கொப்புளம், இதுல எது வந்தாலும் காத்திருக்காதே. கேப் கழண்டே விழுந்துட்டா தூக்கிப் போட்டுடாம கழுவி ஒரு டப்பாவுல பத்திரமா வை. ஃபெவிக்விக் போட்டு நீயே ஒட்டிடாதே, பல்லும் ஈறும் வெந்துபோகும். அந்தப் பக்கம் மெல்லாம, நல்லா விளக்கி, நாலஞ்சு நாளுக்குள்ளே போயிடு. நாளாக ஆகப் பக்கத்துப் பல்லுங்க அந்த இடத்துக்குச் சாய்ஞ்சுடும், பழைய கேப் பொருந்தாது. தூக்கத்துல கழண்டு காணாமப் போயி, அதோட இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தா உடனே ஜி.பி. பந்த்துக்கு ஓடு.

குழந்தைங்களோட பால் கடைவாய்ப்பல்லுக்குப் போடுற வெள்ளிநிறக் கேப் பத்திப் பயப்படாதே. அது பல்லோடவே விழுந்துடும்.

கடைசியா, காகிதம். எந்தப் பல், எந்த வகைக் கேப், எந்தத் தேதி ஒட்டினதுன்னு எழுதி வாங்கிக்கோ. டாக்டருங்க பல்லுக்கு நம்பர் போடுவாங்க, கீழே இடது பக்க முதல் கடைவாய்ப்பல்லுன்னா 36. எக்ஸ்ரேயையும் ஜிர்கோனியாவோட வாரண்டி கார்டையும் போன்ல படம் பிடிச்சு எனக்கும் ஒண்ணு அனுப்பிடு. சென்னையில போட்டவரை விட்டுட்டு இங்கே வேற டாக்டர்கிட்ட காட்டும்போது, உள்ளே என்ன செஞ்சிருக்காங்கன்னு அவருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும்.