வலை அன்று, நெசவு

சென்ற ஆண்டு நம் துறை மாணவர்கள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையைப் பார்வையிடச் சென்றோம். பொறியாளர் ஒருவர் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைக் காட்டி, அதன் ஒரு பகுதியைத் தொட்டு, “இது வெப்” என்றார். தமிழ் வழியில் பயின்று வந்த எனக்கு அச்சொல்லுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே: வலை. அந்தக் கனத்த எஃகுத் துண்டில் வலையைப் போன்ற கண் ஒன்றுகூட இல்லை. “சார், இதில் வலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார்; விடை மட்டும் கிடைக்கவில்லை. அதைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

‘வெப்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வலையைக் குறிக்கவே இல்லை. தறியில் நெய்த துணி என்பதே அதன் முதற்பொருள். நெய்தலைக் குறிக்கும் ‘வீவ்’, ஊடையைக் குறிக்கும் ‘வெஃப்ட்’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், காண்டர்பரிக் கதைகளின் யாத்திரிகருள் ஒரு நெசவாளியைச் சேர்த்து, அவரை ‘வெப்’ என்றே குறிப்பிட்டார். ‘வெப்ஸ்டர்’ என்றாலும் நெசவாளிதான். 1828இல் அமெரிக்க ஆங்கில அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் குடும்பப் பெயரிலேயே தறி இருக்கிறது!

மீனவரின் வலை முடிச்சுப் போட்டுப் பின்னுவது. அதற்கு ஆங்கிலத்தில் ‘நெட்’ என்று தனிச்சொல் உண்டு. சிலந்தி நூல் விட்டு நெய்வதாகக் கண்டவர்கள் அதன் படைப்பை ‘வெப்’ என்றார்கள். நாமோ அதைச் சிலந்தி வலை என்கிறோம். 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவில் முன்மொழிந்த திட்டம் மறு ஆண்டு ‘வேர்ல்டு வைட் வெப்’ எனப் பெயர் பெற்றபோது, தமிழிலும் வலைத்தளம், வலைப்பூ என்று சொற்கள் பிறந்தன. ‘நெட்’ என முடியும் இன்டர்நெட்டையோ இணையம் என்றோம். வலைக்குரிய சொல் இணையமாயிற்று; நெசவுக்குரிய சொல் வலையாயிற்று! இதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் என்னைப் போன்றவர்கள் இடறி விழுவது இங்கேதான்.

துணி என்று கொண்டால் பிற பொருள்கள் எளிதில் விளங்குகின்றன. நூற்பாலையில் கார்டிங் இயந்திரத்திலிருந்து மெல்லிய விரிப்பாக வரும் பஞ்சு ‘வெப்’. செய்தித்தாள் அச்சகத்தில் உருளையிலிருந்து அறுபடாமல் ஓடும் காகிதமும் ‘வெப்’. வாத்தின் விரல்களுக்கிடையே உள்ள சவ்வும் அதுவே.

இனி எஃகுக்கு வருவோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பேருந்தில் போகும்போது, கூரை வேயாத கொட்டகைகளின் எஃகுச் சட்டங்கள் இன்றும் கண்ணில் படும். ‘பருப்பொருளின் பண்புகள்’ பாடத்தில் நாம் படித்த ‘ஐ’ வடிவ உத்திரங்கள் அவை. சுமையால் உத்திரம் வளையும்போது மேல்விளிம்பு அமுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது; நடுத்தளம் நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. ஆகவே எஃகை மேலும் கீழும் குவித்து, நடுவே மெல்லிய தகட்டை வைத்தால் போதும். அத்தகடே ‘வெப்’. மெல்லியது என்று அதை இகழ வேண்டாம். இரு விளிம்புகளையும் தொலைவில் நிறுத்துவது அது. உத்திரத்தைக் குறுக்கே அறுக்க முயலும் விசையின் பெரும்பகுதியைத் தாங்குவதும் அதுவே.

கிராங்க் ஷாஃப்டிலும் அச்சின் மீது சுழலும் பகுதி ஒன்று, அச்சிலிருந்து விலகி நிற்கும் ஊசி ஒன்று. இரண்டையும் இணைக்கும் கைதான் நான் வலை தேடிய ‘வெப்’. இங்கே அது மெல்லியதும் அன்று. இரண்டுக்கு நடுவே நின்று இணைப்பது என்ற ஒரு கருத்தே துணியிலிருந்து எஞ்சியிருக்கிறது.

என் தந்தையார் பட்டு நெசவாளி. உத்திரத்தின் படத்தை வரைந்து, இந்த நடுத்தகட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவரிடம் கேட்டேன். படத்தைப் படுக்கையாகத் திருப்பிப் பார்த்தார். காஞ்சிப் பட்டில் இரு ஓரங்களிலும் கனத்த சரிகைக் கரை. நடுவே மெல்லிய உடல்.

“இது ரெண்டும் கரை. நடுவுல இருக்கிறது உடல். இதுக்கு எதுக்குடா அகராதி?” என்றார்.