குடற்புழு நீக்கமும் ஆடு வளர்ப்போரும்

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலேயே செம்மறியாடுகள் மிகுந்த மாநிலம் தெலங்கானா ஆகும். அங்கு ஏறத்தாழ 1.9 கோடி ஆடுகள் இருந்தன. 2017-இல் அம்மாநில அரசு, கொல்லா, குருமா ஆகிய மேய்ப்பர் சமூகத்தினருக்கு 20 பெட்டையாடுகளும் 1 கிடாவும் கொண்ட தொகுதிகளை 75 விழுக்காடு மானியத்தில் வழங்கத் தொடங்கியது. ஆயினும் ஆடுகளின் எண்ணிக்கை பெருகுவதனால் மட்டும் வருவாய் பெருகிவிடாது. வயிற்றில் வாழும் புழுக்கள் அதில் பங்கு கேட்கின்றன.

இவற்றுள் கொடியது, நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு குருதி உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்னும் உருண்டைப்புழு. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி லிட்டர் குருதியை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழுக்கள் இருப்பின் இழப்பு 50 மில்லி லிட்டர். ஆடு சோகையுற்று மெலியும். தாடையின் கீழ் வீக்கம் தோன்றும். ஒரு பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். பருவமழையின் ஈரத்திலும் வெப்பத்திலும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம்புழுக்கள் தொற்றும் நிலையை எய்திப் புல்லில் ஏறிவிடுகின்றன.

மருந்து இருந்தும் முறையான பயன்பாடு பரவாதது ஏன்? புதுமைகள் பரவும் விதத்தை ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ், 1962-இல் வெளியிட்ட நூலில் ஐந்து பண்புகளைக் குறிப்பிட்டார்: ஒப்பீட்டு ஆதாயம், பழக்கத்தோடு பொருந்துதல், எளிமை, சிறு அளவில் சோதித்துப் பார்க்க இயலுதல், பயன் கண்ணுக்குத் தெரிதல். குடற்புழு நீக்கம் இடறுவது இறுதிப் பண்பில்தான். உரமிட்ட வயலின் பசுமையை அண்டை உழவர் காண்பார்; நேராத இழப்பை எவரும் காண்பதில்லை. மேலும், மேய்ச்சல் நிலம் பொது. ஒருவர் மட்டும் மருந்து கொடுத்தால், பிறர் மந்தை விட்டுச்சென்ற இளம்புழுக்கள் அவருடைய ஆடுகளை மீண்டும் பற்றும். அதனால் மருந்தின் மேலேயே நம்பிக்கை குன்றுகிறது.

அரைகுறையான ஏற்பு மற்றொரு தீங்கையும் விளைவிக்கும். எடையை உத்தேசமாக மதித்துக் குறைந்த அளவு மருந்து புகட்டினால், அதைத் தாங்கிய புழுக்களே எஞ்சிப் பெருகும். நாளடைவில் மருந்து பயனற்றதாகிவிடும். வெளியூரிலிருந்து வாங்கிய ஆடுகளோடு இத்தகைய புழுக்களும் வந்து சேரக்கூடும். ஆதலால் புதிய ஆடுகளைச் சில நாள் தனியே அடைத்து, மருந்து புகட்டிய பின்னரே மந்தையில் சேர்த்தல் வேண்டும்.

ஐதராபாத்தில் 1987-இல் நிறுவப்பட்ட தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் போன்றவற்றில் பயிற்சி பெறும் அலுவலர்கள் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் தெளிவு. வழங்கிய மருந்துப் புட்டிகளின் எண்ணிக்கை ஏற்பின் அளவாகாது. தராசில் நிறுத்து அளவறிதல், ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை அளித்தல், பனி உலர்ந்த பின் மேய்த்தல் ஆகியன நடைபெறுகின்றனவா என்பதே கேள்வி. கீழிமையின் உட்புறம் வெளிறியிருப்பதைக் கொண்டு சோகையுற்ற ஆட்டை இனங்காணும் முறை தென்னாப்பிரிக்காவில் உருவானது. இதனை மேய்ப்பருக்குக் கற்பித்தால், காணாத இழப்பை அவர் தம் கண்ணாலேயே காண்பார். கண்ட பின்னரே நம்பிக்கை பிறக்கும். நம்பிக்கையே பழக்கமாக நிலைபெறும்.